ஆச்சியின் கொட்டப்பெட்டி

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்குச் சனம் திரளுகின்ற இராத்திரியிலாயினும், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களிலே அருவி வெட்டு நடக்கையில் வரம்பிற் குந்திக் களை ஆறுகின்ற மத்தியானத்திலாயினும், யானைக்குக் காவல் இருக்கின்ற கொட்டிலின் நெருப்பண்டையிலாயினும், வெற்றிலை ஒரு மடியிலிருந்து இன்னொரு கைக்கு மாறாத கூட்டத்தை வன்னியிலே காண்பது அரிது. அத்தகைய ஒரு கூட்டத்திலேதான், பாக்கும் புகையிலையும் வாயிற் புற்றுநோயை விளைவிக்கின்றன என்று நான் சொல்லத் தொடங்கிய மாத்திரத்தில், அறுபது வயதை அண்மித்த கமக்காரர் ஒருவர், வாயிலிருந்த சாற்றை ஒரு பக்கமாகத் துப்பிவிட்டு, மிக மரியாதையாக என்னை மறித்தார்.

"நீங்கள் படிச்ச ஆள், பிழை சொல்லமாட்டியள். ஆனால் எங்கட ஆச்சி பதின்மூண்டு வயசிலை வெத்திலை போடத் தொடங்கினவ. தொண்ணூறு வயசுமட்டும் போட்டவ, புகையிலையும் சேர்த்துத்தான். இடம்பெயர்ந்து போகேக்கை சட்டி பானையெல்லாத்தையும் விட்டவ, கொட்டப்பெட்டியை மட்டும் விடேல்லை. அவவுக்கு ஒண்டும் வரேல்லை. பக்கத்துக் காணி மனிசனுக்கு நாற்பத்தைஞ்சிலை வந்து, ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாய்க் கொண்டு திரிஞ்சும் தப்பேல்லை. இதுக்கு என்ன சொல்லுறியள்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வெறும் குதர்க்கம் அன்று. ஒரே வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்துண்ட இருவருள் ஒருவரை நோய் பற்றுவதும் மற்றவரை விட்டுவிடுவதும் ஏன் என்ற அந்த வினாவுக்கு, 'எல்லாம் விதி' என்று சொல்லித் தப்பிக்கொள்வது ஒரு வழி; 'ஆகவே வெற்றிலையில் குற்றமில்லை' என்று முடித்துவிடுவது இன்னொரு வழி. இவ்விரண்டுக்கும் நடுவே, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆராய்ச்சியாளர் பலர் பொறுமையோடு நடந்து கண்ட மூன்றாவது வழி ஒன்று உண்டு.

பெட்டிக்குள் இருப்பவை

பனையோலையால் இழைத்த அந்தச் சிறு பெட்டியிலே என்ன இருக்கிறது? வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. பல்லுப் போனவர்களானால் இடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு பாக்குரல். இவற்றுள் வெற்றிலை ஏறக்குறைய நிரபராதி. பாக்கிலே அரெக்கோலின் முதலான காரப்பொருள்கள் இருக்கின்றன. புகையிலையிலே நிக்கோற்றின் இருக்கிறது. சுண்ணாம்போ, எச்சிலைக் காரத்தன்மை உடையதாக்கி, இவை கன்னத்தின் மெல்லிய சவ்வினூடாக விரைவில் உட்புகுவதற்கு வழி திறந்துவிடுகிறது. வெற்றிலை போட்ட சில நிமிஷங்களில் நெற்றியிலே அரும்பும் வியர்வையும், உடம்பிலே பரவும் ஓர் இலேசான சூடும் இந்தத் துரிதப் பிரவேசத்தின் அடையாளங்களே.

இதன் தீங்கு நெடுங்காலமாகச் சந்தேகிக்கப்பட்டு வந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூர் இராச்சியத்திலும் சேர்ந்திருந்த நெய்யூரின் மிஷன் ஆஸ்பத்திரியிலே பணியாற்றிய 'ஓர்' என்னும் பெயருடைய வைத்தியர், வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் 'லான்செற்' சஞ்சிகையில் விரிவாக எழுதினார். அந்தத் திருவிதாங்கூருக்குத்தான் யாழ்ப்பாணத்துப் புகையிலை தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிச் சென்றது என்பதை நினைக்கும்போது, நம்முடைய தோட்டங்களுக்கும் அந்த வைத்தியருடைய கட்டில்களுக்கும் இடையே ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கக் கூடும் என்று தோன்றாமற் போவதில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் தீர்ப்பளித்தது. 2004இல் வெளிவந்த அதன் பிந்திய நூலோ, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று கூறிவிட்டது. 'நான் புகையிலை தொடுவதில்லை, வெறும் சீவல்தான்' என்று ஆறுதல் கொள்பவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம். இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே.

ஆனால் இவையெல்லாம் ஊர் முழுவதற்குமான கணக்குகள். கமக்காரர் கேட்டது தம்முடைய ஆச்சியைப் பற்றி.

நஞ்சு பிறக்கும் இடம்

1775இல் இலண்டன் வைத்தியர் பேர்சிவல் பொற், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்க்கு விதைப்பையிலே வருகின்ற புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்றார். 1915இல் யமகிவா, இச்சிக்காவா என்ற யப்பானியர் இருவர், முயலின் காதிலே நிலக்கரித் தாரைப் பல மாதம் விடாது பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். இவற்றிலிருந்து, புற்றை விளைக்கும் பொருள் நச்சுப்பாம்பின் பல்லைப்போல வெளியிலேயே பூரணமாக ஆயத்தமாகி வந்து உடம்பைத் தீண்டுகிறது என்றே எவரும் எண்ணுவர். நெடுங்காலம் அறிஞர்களும் அவ்வாறே எண்ணினர்.

அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னும் தம்பதியர். கொழுப்புணவுக்கு மஞ்சள் நிறம் ஊட்டப் பயன்பட்ட ஒரு சாயம் எலியின் ஈரலிலே புற்றை உண்டாக்குவதை ஆராய்ந்த அவர்கள், 1940களின் பிற்பகுதியில் ஒரு விசித்திரத்தைக் கண்டனர். அந்தச் சாயம் போத்தலில் இருக்கும்போது எதனோடும் ஒட்டாத சாது. எலியின் ஈரலுக்குள் புகுந்த பின்னரோ, அங்குள்ள புரதங்களோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்து கிடந்தது. அதைக் கொடியதாக்கியது ஈரல்.

இந்த மாற்றத்தைச் செய்வன நொதியங்கள். அதாவது, தாம் செலவழியாமல் நின்று மற்றப் பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள். நம்முடைய உடம்பு எதற்காக இவ்வாறு தனக்குத்தானே குழி தோண்ட வேண்டும்? காரணம் எளியது. இலை, காய், கிழங்கு, புகை ஆகியவற்றோடு ஒவ்வொரு நாளும் உட்செல்லும் எத்தனையோ அந்நியப் பொருள்கள் நீரிலே கரையாதவை. கரையாதது சிறுநீரோடு கழியாது. ஆகவே அவற்றின்மீது ஓர் ஒட்சிசன் அணுவை ஏற்றி, கரைவதற்கு ஆயத்தப்படுத்துகின்ற நொதியக் குடும்பம் ஒன்று உயிர்களுக்கு மிகப் பழங்காலத்திலேயே வாய்த்திருக்கிறது. சைற்றோகுரோம் பி450 என்பது அக்குடும்பத்தின் பெயர். ஈரலிலே மிகுதியாகவும், நுரையீரல், குடல், வாய்ச்சவ்வு முதலிய இடங்களிலே குறைவாகவும் அதன் அங்கத்தவர் பரந்திருக்கின்றனர். ஆயிரம் பொருள்களைச் சுத்திகரித்து அனுப்பும் இந்த வேலையிலே, ஒரு சில பொருள்கள் மாத்திரம், ஒட்சிசன் ஏறிய அக்கணத்தில் கரைவதற்குப் பதிலாகக் கூராகிவிடுகின்றன.

ஒரு மூலக்கூற்றின் யாத்திரை

இனி, ஆச்சியின் கன்னத்திலும் அயலவரின் கன்னத்திலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு வெற்றிலையை வைத்து, நடப்பதைப் பின்தொடர்வோம்.

பதப்படுத்திய புகையிலையிலே நைத்திரோசமைன் என்ற ஒரு வகைப் பொருள்கள் முன்னமே உண்டாகியிருக்கின்றன. பாக்கின் அரெக்கோலினோ, வாய்க்கிருமிகள் கீரை முதலிய உணவின் நைத்திரேற்றிலிருந்து ஆக்கும் நைத்திரைற்றோடு கூடி, வாயிலேயே வேறு சில நைத்திரோசமைன்களைப் பிறப்பிக்கிறது. இவை பிறந்தவுடன் தீங்கற்றவை. ஆயிரம் நைத்திரோசமைன் மூலக்கூறுகள் ஒவ்வொருவருடைய உடம்பிலும் புகுந்தன என்று கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் கற்பித்துக்கொண்டவையே அன்றி, எவருடைய உடம்பிலும் அளந்தவை அல்ல.

முதலில், சில நொதியங்கள் இம்மூலக்கூறுகளைப் பிடித்து, ஒரு சர்க்கரைத் துணிக்கையை முதுகிலே கட்டி, சிறுநீரின் வழியே அனுப்பிவிடுகின்றன. ஆச்சியின் உடம்பு இவ்வேலையில் வல்லது, எண்ணூறை அனுப்பிவிட்டது, மிச்சம் இருநூறு. அயலவரின் உடம்பு நானூறையே அனுப்பியது, மிச்சம் அறுநூறு.

அடுத்து, சைற்றோகுரோம் குடும்பத்து நொதியம் வருகிறது. மூலக்கூற்றின் காபன் அணு ஒன்றிலே ஒட்சிசனை ஏற்றுகிறது. ஏற்றியவுடன் மூலக்கூறு நிலைகொள்ளாது உடைந்து, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் ஒரு துண்டாகி, அருகேயுள்ள டிஎன்ஏயைப் பற்றிக்கொள்கிறது. டிஎன்ஏ என்பது ஒவ்வொரு கலத்தினுள்ளும் இருக்கும் பரம்பரை ஏடு. ஆச்சியிடம் இந்நொதியம் மந்தமானது. இருநூறில் பத்திலொரு பங்காகிய இருபதுதான் கூராகி ஏட்டிலே தைத்தன. அயலவரிடம் அது துடிப்புள்ளது. அறுநூறில் பத்தில் நான்கு பங்காகிய இருநூற்று நாற்பது தைத்தன.

தைத்ததனாலே என்ன? ஏட்டுச்சுவடி பார்த்தவர்கள் இதை இலகுவில் விளங்கிக்கொள்வார்கள். பழைய ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. பிரதி செய்பவர் ஓரிடத்திலே மயங்கி ஓரெழுத்தை வேறாக எழுதிவிட்டால், அந்தப் பிரதியிலிருந்து எழுந்த பிரதிகளெல்லாம் அப்பிழையையே பாடமாகக் கொள்ளும். பழைய ஏடுகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் ஆயுளைச் செலவிட்டது இத்தகைய பாடபேதங்களோடு போராடித்தான். டிஎன்ஏயின் நான்கு எழுத்துக்களில் ஒன்றின்மீது அந்தத் துண்டு ஒட்டிக்கொண்டால், கலம் பிரியும்போது அவ்வெழுத்து வேறோர் எழுத்தாக வாசிக்கப்பட்டுவிடும். பிழை விழுந்த இடம், கலத்தின் வளர்ச்சியை அடக்கும் பகுதியாக இருந்தால், புற்றுக்கு முதற்படி அமைகிறது.

ஆனால் கலத்திலே பிழைதிருத்துவோரும் உண்டு. அவருள் ஒரு புரதம், எழுத்தில் ஒட்டிய துண்டைத் தன்மீதே வாங்கிக்கொண்டு, அதனோடு தானும் பயனற்றுப்போகிறது. ஒரு புரதம், ஒரு திருத்தம், அவ்வளவோடு அதன் ஆயுள் முடிந்தது. ஆகவே இப்புரதத்தின் கையிருப்பு எவ்வளவு என்பது முக்கியம்; அதுவும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது. ஆச்சியின் இருபது பிழைகளில் பதினெட்டுத் திருத்தப்பட, இரண்டே மிஞ்சின. அயலவரின் இருநூற்று நாற்பதில் முக்காற்பங்கு திருத்தப்பட்டும் அறுபது மிஞ்சின.

இரண்டுக்கு அறுபது, முப்பது மடங்கு. எந்தப் படியிலும் வேறுபாடு நாலு மடங்கைத் தாண்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதற்படியில் மூன்று மடங்கு, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் இரண்டரை. அவை ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டன. ஒரே வெற்றிலை.

தட்டிலே உயிர் வாழ்ந்த இழையம்

இது கற்பனைக் கணக்குத்தானே, மெய்யான உடம்பில் இத்தகைய வித்தியாசம் உண்டோ என்று கேட்கலாம். எலிகளிடம் இதைக் கண்டறிவது கடினம். ஆய்வுகூட எலிகள் ஒரே வமிசத்தில் உடன்பிறப்போடு உடன்பிறப்பைப் பலமுறை சேர்த்துப் பெற்றவையாகையால், ஒன்றின் பிரதிபோலவே மற்றதும் இருக்கும். மனிதரிலே நஞ்சிட்டுப் பார்ப்பது தகாது.

இந்த முட்டுக்கட்டையைத் தாண்ட, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கேர்ட்டிஸ் ஹரிஸும் அவருடைய சகாக்களும் 1970களில் ஒரு நுட்பமான உபாயத்தைக் கைக்கொண்டனர். சத்திரசிகிச்சையிலும் பிரேத பரிசோதனையிலும் கிடைத்த மனித இழையங்களை, அதாவது ஒரே வகைத் தொழிலுக்கெனச் சேர்ந்த கலங்களின் தொகுதிகளை, ஊட்டநீர் வார்த்த கண்ணாடித் தட்டுக்களிலே உயிரோடு பேணி, புகையிலும் தாரிலும் உள்ள பென்சோபைரீன் என்னும் பொருளை, கதிர்வீசும் அணுவால் அடையாளமிட்டு, அத்தட்டுக்களிலே சேர்த்தனர். பின்னர் டிஎன்ஏயைப் பிரித்தெடுத்து, எவ்வளவு பொருள் அதிலே தைத்திருக்கிறது என்று அளந்தனர். மூச்சுக்குழாய்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1976இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது.

பொருளின் அளவு ஒன்று, நேரம் ஒன்று, தட்டும் ஒன்று. ஆயினும் ஒருவருடைய இழையத்திலே தைத்த அளவு இன்னொருவருடையதைவிடப் பன்மடங்காக இருந்தது. பல்வேறு இழையங்களையும் இரசாயனங்களையும் சேர்த்து நோக்கி 1989இல் ஹரிஸ் எழுதியபோது, ஆளுக்கு ஆள் உள்ள இவ்வித்தியாசத்தை 10 மடங்கு முதல் 150 மடங்கு வரை என்று குறித்தார். ஒரே மனிதனுடைய வெவ்வேறு உறுப்புக்களும் ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை. நுரையீரல் சாதுவாய் இருப்பவனுடைய குடல் கொடியதாய் இருக்கலாம். முன்னே நான் கற்பித்த முப்பது மடங்கு, மெய்யின் முன்னே அடக்கமான எண்தான்.

சென்னையிலே கண்ட இரு சாதி

உடம்பின் இத்தகைய வேறுபாடு பரம்பரையாக வருகிறது என்பதற்குத் தமிழ் நாட்டிலேயே ஒரு தெளிவான சாட்சி உண்டு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலே, ஐசோனியாசிட் என்னும் மருந்தை உட்கொண்ட தென்னிந்திய நோயாளரை ஆராய்ந்தபோது, சிலருடைய உடம்பு அம்மருந்தை விரைவில் செயலிழக்கச் செய்வதும், பாதிக்கு மேற்பட்டவர்களுடைய உடம்பு மெதுவாகவே அவ்வாறு செய்வதும் தெரியவந்தன. இது பழக்கத்தாலோ உணவாலோ வந்த பேதமன்று. பெற்றோரிடமிருந்து வந்த பரம்பரையலகு ஒன்றின், அதாவது குறித்த ஒரு நொதியத்தை எவ்வாறு ஆக்குவது என்று சொல்லும் டிஎன்ஏப் பகுதியின், பேதம்.

மந்த வகையினருக்கு மருந்து உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. காசநோய்க்கு அது அனுகூலமே. ஆனால் சாயத் தொழிற்சாலைகளில் வேலைசெய்து சில நச்சுச் சாயப்பொருள்களுக்கு ஆளானவர்களுள், சிறுநீர்ப்பைப் புற்று மந்த வகையினரையே மிகுதியாகப் பற்றியது. அவர்களுடைய மந்த நொதியம் அந்த நஞ்சை முறிக்கவும் பிந்திவிட்டது. நல்ல நொதியம், கெட்ட நொதியம் என்று பிரிக்க முயல்பவர்கள் இவ்விடத்திலே இடறுவார்கள்.

இலங்கை வாய்களிற் கண்டது

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். சைற்றோகுரோம் குடும்பத்திலே 2ஏ6 என்று இலக்கமிட்ட ஒரு நொதியம் உண்டு. நிக்கோற்றினைச் சிதைப்பது இதன் பிரதான தொழில்களில் ஒன்று. நைத்திரோசமைன்களைக் கூராக்குவதிலும் இதற்குப் பங்குண்டு. இந்த நொதியத்துக்குரிய பரம்பரையலகு சிலரிடம் முழுவதுமே இல்லை. ஐரோப்பியரிடம் இக்குறை மிக அருமை. யப்பானியருள் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரிடம், தந்தைவழியிலும் தாய்வழியிலும் வரவேண்டிய இரண்டு பிரதிகளும் இல்லாமற் போயிருக்கின்றன. ஆகவே இவ்வாராய்ச்சியிலே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கமதாக்கி குழுவினர் முன்னின்றது இயல்பே.

அவர்கள் இலங்கையரோடும் துருக்கியரோடும் சேர்ந்து, இலங்கையில் வெற்றிலை மெல்லும் வாய்ப்புற்று நோயாளரையும் நோயற்றோரையும் ஒப்பிட்டு, 2002இல் 'கார்சினோஜெனெசிஸ்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டனர். இரண்டு பிரதிகளும் இல்லாதவர்கள் நோயாளரிடையே கணிசமாகக் குறைந்திருந்தனர். அதாவது, நஞ்சைக் கூராக்கும் அந்தக் கருவி பிறப்பிலேயே இல்லாதவர்களைப் புற்று அணுகுவது அரிதாயிருந்தது.

இவ்விடத்திலே நான் ஒரு கணம் நின்று, வேறொரு விளக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்நொதியம் இல்லாதவரின் உடம்பில் நிக்கோற்றின் நெடுநேரம் தங்கும். ஒரு வாய் வெற்றிலையின் தெம்பு காலையிலிருந்து மத்தியானம்வரை நிற்குமானால், அடுத்ததைத் தேடிக் கை மடிக்குப் போகாது. ஆகவே அவர் தப்பியது நஞ்சு கூராகாமையாலா, அல்லது புகையிலை சேர்ந்த வெற்றிலையையே குறைவாகப் போட்டமையாலா? இரண்டும் ஒரே திசையில் இழுப்பதால், எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது சுலபமன்று. என்னுடைய அபிப்பிராயம், இரண்டுமே உண்டு என்பது.

ஆச்சியிடம் திரும்புதல்

இவ்வளவையும், இதைவிட எளிய பேச்சிலே, அந்தக் கமக்காரருக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப எங்கட ஆச்சிக்கு அந்தச் சாமான் இல்லையெண்டு சொல்லுறியள்" என்றார்.

வாதத்துக்காக அப்படியே வைத்துக்கொள்வோம் என்றேன். ஒரு சொட்டு இரத்தத்தில் அந்த ஒரு பரம்பரையலகைப் பார்த்துவிடலாம். ஆனால் அதுபோல இன்னும் எத்தனையோ நொதியங்களும், பிழைதிருத்தும் புரதங்களும் சேர்ந்தே கணக்கை முடிக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஆளை நிச்சயிக்க இயலாது. வன்னியிலே எவரும் கண்ணாலே காணக்கூடியவை வேறு: கண்ணாடியின் முன்னே ஒரு டோர்ச் லைற்றைப் பிடித்தால் கன்னத்தின் உட்புறத்தில் தெரிகிற, துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, ஆறாத புண், உறைப்புச் சாப்பிட்டால் எரிவு, வாய் முன்போல் அகலத் திறவாமை. பெரும்பாலும் புற்றுக்குப் பல வருஷங்கள் முன்னரே இவை தோன்றுகின்றன.

"நான் ஆச்சியின்ரை பேரன்தானே" என்றார் அவர், விடாமல்.

மணலிலே விரலாற் கீறிக் காட்டினேன். ஆச்சியிடம் இரண்டு பிரதிகளும் இல்லை என்று கொண்டாலும், அவருடைய மகனுக்கு ஆச்சியிடமிருந்து ஒரு வெற்றிடம் மாத்திரமே வரும். மற்றப் பிரதி அந்த மகனுடைய தகப்பனிடமிருந்து முழுதாய் வந்திருக்கக்கூடும். அந்த மகன் தம்முடைய பிள்ளைக்குக் கொடுப்பது இரண்டில் ஒன்று. வெற்றிடத்தைக் கொடுத்தாரா, முழுப்பிரதியைக் கொடுத்தாரா என்பது காசு சுண்டிப் பார்ப்பதுபோலத்தான். வெற்றிடமே வந்ததாயினும், தாய்வழியிலும் அதே குறை வந்து சேர்ந்தாலன்றி, பேரனின் நொதியம் வேலைசெய்துகொண்டே இருக்கும். ஆச்சியின் காவல் பேரனை வந்தடைவதற்கு இத்தனை வாசல்களைக் கடக்க வேண்டும்.

அவர் கீறலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்த, ஓரம் தேய்ந்து கறுத்த ஓலைப்பெட்டியை எடுத்து, திறவாமலே கையிற் புரட்டிக்கொண்டு சொன்னார்:

"அப்ப எனக்குப் பெட்டி மட்டும்தான் வந்திருக்கெண்டு சொல்லுறியள்."